நள்ளிரவுக்குப் பின் மட்டும் தோற்ற சோதனை

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவுப் பேருந்துகளுக்கான எங்கள் ஆசன முற்பதிவு மென்பொருளில், புதிய நிரல் இணையும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனைகளுள் ஒன்று, நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையில் மட்டும் தோல்வியடைந்தது. காலையில் மீண்டும் ஓட்டினால் வெற்றி என்று பச்சை காட்டியதால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பழக்கம் மிகவும் ஆபத்தானது, ஏனெனில் உண்மையான பிழைகளும் அதே போர்வைக்குள் மறைந்துவிடும்.

தோல்விப் பதிவைத் திறந்து பார்த்தேன். சோதனை எதிர்பார்த்த பயணத் திகதி ஒரு நாள் பின்தங்கியிருந்தது. சேர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இயங்க, இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருப்பதே காரணம்: இங்கே நள்ளிரவு கடந்தும் அதிகாலை 5.30 வரை சேர்வரில் முந்தைய நாளே நீடிக்கும்.

சேர்வரின் நேர வலயத்தை மாற்றினால் சிக்கல் தற்காலிகமாக மறையும், ஆனால் வேறொரு சேர்வரில் மீண்டும் தலைதூக்கும். ஆகவே நடப்பு நேரத்தை வெளியிலிருந்து பெறும்படி நிரலைத் திருத்தி, 'ஏசியா/கொழும்பு' வலயத்தின் இரவு 12.10ஐச் சோதனைக்கு நிலையான நேரமாகக் கொடுத்தேன். இப்போது எந்த நேரத்தில் இணைத்தாலும் முடிவு மாறுவதில்லை.