கரையில் நின்றே மீன் பிடித்து அங்கேயே சமைக்க: நீரோடி, பொழியூர் பக்கம் போகிறவர்களுக்கு

களியக்காவிளையில் இறங்கி கொல்லங்கோடு வழியாகப் போனால் நீரோடியோடு தமிழ்நாட்டுக் கடற்கரை முடிந்துவிடும். அடுத்த ஊர் பொழியூர், கேரளம். அதைத் தாண்டினால் நெய்யாறு கடலில் சேரும் பூவார். இந்தப் பக்கம் சுற்ற வருகிறவர்களில் பலர் பூவாரில் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு, ஓட்டலில் பொரித்த மீன் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பையில் ஒரு கைத்தூண்டிலும் சின்னச் சட்டியும் இருந்தால் அந்த மீனை நாமே பிடித்துச் சாப்பிடலாம். இந்தக் கரையில் எனக்குச் சரிப்பட்டு வந்த முறையை எழுதுகிறேன். முள் கட்டும் முடிச்சை விளக்கப்போவதில்லை, தூண்டில் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கட்டியே தருவார்கள்.

எப்போது போவது

டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை அலை கரையையே அறுக்கும், அப்போது தூண்டிலை வெளியே எடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு ஆபத்து உண்டு: கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் கிளம்பும் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடமும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கேட்பது மரியாதைக்காகவும்தான். அது அவர்கள் வேலை செய்யும் இடம். "அண்ணே, இங்க தூண்டில் போட்டா உங்களுக்கு இடைஞ்சலா?" என்று கேட்டுவிட்டால், எந்த இடத்தில் மீன் கொத்தும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். கரைமடி, அதாவது கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை, இழுக்கும் இடத்தில் தூண்டில் போடக்கூடாது. போய்க் கயிறு பிடியுங்கள், மடி கரையேறியதும் கையில் கொஞ்சம் சாளையோ நெத்திலியோ கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடல்வேலை இருக்காது, கரைமடி பார்க்க வேண்டுமென்றால் வேறு நாளில் வாருங்கள்.

சாமான்கள்

கம்பும் ரீலும் வேண்டாம் என்பது என் கட்சி. பஸ்ஸில் இடிக்கும், மணல் புகுந்தால் ரீல் கெடும், இந்தக் கரையில் அவ்வளவு தூரம் எறிய வேண்டிய தேவையும் இல்லை. 0.35 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு (நைலான் இழை) ஐம்பது மீட்டர், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றியது. நுனியில் 25 கிராம் அளவில் ஒரு தட்டையான ஈயம், உருண்டை ஈயம் என்றால் அலையில் உருண்டு கரைக்கே வந்துவிடும். ஈயத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கிளை நரம்பு, ஒவ்வொன்றிலும் 8 அல்லது 10ஆம் நம்பர் முள். எண் கூடினால் முள் சின்னதாகும், மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். ஆட்காட்டி விரலுக்கு சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு வளையம் போட்டுக்கொள்ளுங்கள், நரம்பு விரலை அறுக்காது.

இரை

இறால்தான் எளிது. ஆனால் பச்சையாகக் கோத்தால் இரண்டாவது அலையிலேயே கழன்றுவிடும், வெறும் முள் தண்ணீரில் கிடக்கும். பலர் "இங்கே மீனே இல்லை" என்று எழுந்துபோவது இதனால்தான். முந்தின நாள் இரவே இறாலை உரித்து, விரல்நுனி அளவு துண்டாக்கி, கல்லுப்பில் புரட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். காலையில் தண்ணீர் விட்டுச் சுருங்கி ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். முள்ளை இரண்டு முறை குத்தி எடுத்துக் கோத்தால் நாலைந்து எறிதல் தாங்கும். கணவாய் கிடைத்தால் இன்னும் நல்லது, உப்பே தேவையில்லை, மெல்லிய கீற்றாக வெட்டினால் போதும்.

எங்கே போடுவது

தொடங்குகிறவர்கள் எல்லாரும் சிக்குவது இந்த இடத்தில். முழு பலத்தோடு தூரத்தில் எறிகிறார்கள், மீன் காலடியில் நிற்கிறது.

தூண்டிலை எடுக்கும் முன், மேட்டு மணலில் ஏறிப் பத்து நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். அலை வெளியே ஓரிடத்தில் வெள்ளையாக உடையும். அங்கே தண்ணீருக்கடியில் மணல்திட்டு இருக்கிறது. உடைந்த பிறகு கொஞ்ச தூரம் அமைதியாகி, கொஞ்சம் கருத்த பட்டையாக வந்து, கரையில் மறுபடி உடையும். அந்தக் கருத்த பட்டைதான் குழி. அலை கிளறிவிடும் புழுவும் சின்ன நண்டும் அதில் சேரும், அதைத் தின்னக் கிழங்கான் மீன் வரும். கரையிலிருந்து பத்து, இருபது மீட்டர்தான் இருக்கும். ஈயம் அந்தக் குழியில் விழ வேண்டும், திட்டின் மேலே விழுந்தால் எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

இன்னொன்றையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் உடையாமல், கலங்கிய நுரையோடு கடலை நோக்கி ஓடினால் அது உள்ளே இழுக்கும் நீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் அங்கேதான் ஆட்கள் இறங்குகிறார்கள். அதன் ஓரத்தில் மீன் கொத்தும், உண்மை. ஆனால் காய்ந்த மணலில் நின்று போடுங்கள், முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களின் மேலும் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.

விடியற்காலை நல்ல நேரம். கரைக்காற்று முதுகில் வீசுவதால் எறிவது சுலபம், மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்கும். நரம்பைத் தளரவிடாமல் விரலில் பிடித்திருங்கள். கிழங்கான் டக் டக் என்று இரண்டு முறை தட்டும். வெடுக்கென்று இழுத்தால் அதன் சின்ன வாயிலிருந்து முள் கழன்றுவிடும். நிதானமாக, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும்.

கிழங்கான் தவிர பாரைக்குஞ்சு வரும், கெளுத்தி வரும். கெளுத்தியை வெறுங்கையில் பிடிக்காதீர்கள், முதுகில் ஒரு முள்ளும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள்ளும் இருக்கும், விஷம். குத்திவிட்டால் தோல் வேகாத அளவு சூடான தண்ணீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முக்கிவையுங்கள், வலி இறங்கும், அப்புறம் டாக்டரிடம் போங்கள். வயிற்றை உப்பிக்கொண்டு வரும் பேத்தை மீனை எந்தக் காரணத்துக்காகவும் சமைக்கக்கூடாது. அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும்.

சுத்தம் செய்வது

மீனை மணலில் போடவே கூடாது. வாளியில் ஈரத்துணி போட்டு மூடி நிழலில் வையுங்கள், முடிந்தால் கொஞ்சம் ஐஸ். பிடித்த கையோடு குடலை எடுத்துவிடுங்கள். கழுவ, ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் மணல் அடியில் தங்கிவிடும், மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். கடைசி அலசல் குடிதண்ணீரில். ஆறு கடலில் சேரும் பொழிவாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், ஆற்றுச் சாக்கடை அங்கேதான் சேர்கிறது.

சமையல்

விறகுக்குச் சிரட்டையும் காய்ந்த கதம்பையும் (தேங்காய் மட்டை) போதும், ஊருக்குள் கேட்டால் கிடைக்கும். கரையில் பொறுக்கினால் நன்றாக உதறிப் பாருங்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து சிதறிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம், குமரி கரைகளில் வந்து ஒதுங்கின. அவை கதம்பை நாருக்குள் சிக்கியிருந்தால் புகையோடு சேர்ந்து மீனில்தான் ஏறும்.

மணலில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி அதற்குள் தீ மூட்டினால் காற்று தொந்தரவு செய்யாது. ஈரக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். சிரட்டை முதலில் கொழுந்துவிட்டு எரியும், அது அடங்கிக் கங்கான பிறகுதான் தோசைக்கல்லை ஏற்ற வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், நசுக்கிய மிளகு, பூண்டு, உப்பு, இவ்வளவுதான் மசாலா. மீனைத் துணியால் ஈரம் ஒற்றிய பிறகு தடவுங்கள். தேங்காயெண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டுவிட்டு, அடிப்பக்கம் தானாகக் கல்லை விடும் வரை தொடாதீர்கள். கிழங்கான் சதை மென்மையானது, அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும்.

குழம்பு வேண்டுமென்றால் எவர்சில்வர் சட்டி கொண்டுபோங்கள், குடம்புளிக்கு அலுமினியம் ஒத்துவராது. குடம்புளியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்துக் கொதித்ததும் மீன். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். சந்தையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வாங்கி அவித்து வைத்துக்கொண்டால் முழுச் சாப்பாடு.

கிளம்பும்போது அடுப்புக் கங்குகளை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே ஆறியதுபோல் இருக்கும், அடியில் மணிக்கணக்காகச் சூடு நிற்கும், பின்னால் வருகிற பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும். கடல்தண்ணீர் இரண்டு வாளி ஊற்றிக் கிளறிவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். குழித்துறைக்கோ பாறசாலைக்கோ ரயிலில் வருகிறவர்கள் சின்ன கேஸ் அடுப்பு கொண்டுவரலாமா? கூடாது, ரயிலில் கேஸ் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது. சிரட்டையே போதும்.

கரைமடியில் கிடைத்த அயிலையைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அயிலை, சாளை, சூரை போன்றவை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, வாசனையிலும் எப்போதும் தெரியாது. மடி மீன் வாங்கினால் ஐஸ் போடுங்கள், இல்லையென்றால் உடனே சமையுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.