ட்ரிப்ஸ் ஏறும் கையில் எரிச்சல்: சிரை அழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரிப்ஸ் ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிகிறது என்று நோயாளி சொன்னால், 'கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சமாதானம் சொல்வதுதான் முதல் தவறு. மற்றவற்றுள் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. பேச்சு வழக்கில் நாம் 'நரம்பு' என்று சொல்வது இங்கே சிரையைத்தான். அதன் உட்சுவர் மருந்தாலோ, ஊசிக்குழலின் உராய்வாலோ, கிருமியாலோ புண்படுவதே சிரை அழற்சி. வலியும் சிவப்பும் முதலில் தெரியும். கவனிக்காமல் விட்டால் வீக்கம் பரவி, தோலுக்கடியில் கயிறுபோல் விறைத்த சிரை விரலுக்குத் தட்டுப்படும். பிரிட்டனில் செவிலியர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வெளியிட்ட, சிரை அழற்சியின் தீவிரத்தை 0 முதல் 5 வரை அளக்கும் மதிப்பீட்டில், வலி, சிவப்பு, வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு தென்பட்டாலே குழலை எடுத்து வேறிடத்தில் போட வேண்டும். கயிறு தட்டுப்படும் வரை காத்திருப்பது மிகவும் தாமதம்.

எல்லா மருந்தையும் சலைன்போல எண்ணுவது அடுத்த தவறு. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு இரத்தத்துக்கு ஏறக்குறைய 7.4. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் கரைசலுக்கு அது 4ஐ ஒட்டியும் (அமிலம்), வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினுக்கு 12ஐ ஒட்டியும் (காரம்) இருக்கும்; இரண்டுமே சிரையின் உட்சுவரைப் புண்படுத்தக்கூடியவை. அதனால்தான் வான்கோமைசினை மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் நீர்க்கச் செய்து, குறைந்தது ஒரு மணி நேரம் எடுத்து ஏற்றுகிறார்கள். இது தெரியாமல், பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று உடனிருப்பவர் ட்யூபில் உள்ள உருளையை மேலே தள்ளிவிடுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கிறது. அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தால் கேடு கையோடு நிற்காது, இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

கை வீங்கியதும் பதறிக் குழலைப் பிடுங்குவதும், வீங்கிய இடத்தைத் தேய்த்துவிடுவதும் கூடாது. சாதாரண அழற்சிக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். ஆனால் புற்றுநோய் மருந்து சிரைக்கு வெளியே கசிந்திருந்தால் மருந்தைப் பொறுத்து முறை மாறும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூடான ஒத்தடம். முதலில் மருந்தை நிறுத்திவிட்டுச் செவிலியரை அழைக்க வேண்டும்; கசிந்த மருந்தை அதே குழல் வழியாக உறிஞ்சி எடுத்துப் பார்த்த பிறகே அவர்கள் குழலை நீக்குவார்கள். குழலை எடுத்தாயிற்று என்று மறந்துவிடவும் கூடாது, ஏனெனில் வீடு திரும்பி இரண்டு மூன்று நாட்கள் கழித்தும் சிவப்பு தோன்றலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மருந்து தொடங்கி ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில், ஊசியே படாத கணுக்காலில் சற்றுத் தடித்த ஊதாப் புள்ளிகள் தோன்றினால், அது சிறு இரத்தக்குழாய்களின் அழற்சியாக இருக்கலாம். கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்த்தும் நிறம் மறையவில்லை என்றால், அரிப்புக்கான களிம்பைப் பூசிக்கொண்டிருக்காமல், ஏறிய மருந்துகளின் பெயரும் தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியோடு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.