நடைக்கு முன் கிரீன் டீ: பால் சேர்க்காதீர்கள்

நடைப்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கப் கிரீன் டீயைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடியுங்கள். கொதித்த நீரை 3 நிமிடம் ஆறவிட்டு, 2 கிராம் இலையை 3 நிமிடம் ஊறவைத்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு ஏறிவிடும்.

கொழுப்பைக் கரைக்கத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் சீக்கிரம் சிதைந்துவிடாமல், இதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சின் (தேயிலையில் இயற்கையாக உள்ள ஒரு வகை வேதிப்பொருள்) தடுப்பதாகக் கருதப்படுகிறது, காஃபீனும் கைகொடுக்கும். பாலிலுள்ள கேசீன் புரதமோ கேட்டச்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பலன் சிறிதுதான், நடக்காமல் டீயை மட்டும் குடித்துத் தொப்பை குறையாது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரவில் நடப்பவர்களுக்கு இது வேண்டாம், தூக்கம் கெடும். கிரீன் டீ சாற்றை அடைத்த காப்ஸ்யூல் பக்கம் போகவே போகாதீர்கள்: தினமும் 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி.யை எட்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.