அறுபது தாண்டின வயலின்காரர் விரலைக் காப்பாத்துறது எப்பிடி

போன மார்கழி திருவெம்பாவைக்கு விடியக்காத்தால நாலு மணிக்கு கோயில்ல போய் இருந்து வயலினை எடுத்தா என்ர இடக்கை மோதிர விரல் மடிஞ்சது மடிஞ்சபடி நிண்டுட்டுது, மற்றக் கையால பிடிச்சு நிமித்த வேண்டியதாப் போச்சு. வெளியில வாடைக்காத்தும் மழையும், கை ஐஸ் மாதிரி. அண்டைக்குத்தான் உண்மையாப் பயந்தன். எனக்கு இப்ப 64 வயசு, முப்பது வருசத்துக்கு மேல திருகோணமலை உப்புவெளியில பிள்ளையளுக்கு வயலின் சொல்லிக் குடுக்கிறன். அந்த ஒரு வருசத்துக்குள்ள விரலைத் திரும்ப வழிக்குக் கொண்டுவர என்னென்ன செய்தன் எண்டதை எழுதுறன், வயசு போன வாத்தியக்காரர் ஆருக்கும் உதவும். வீணைக்காரருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல ஒண்டு விளங்கவேணும். விரலை மடக்கிற, நிமித்துற பெரிய தசையெல்லாம் விரல்ல இல்ல, முழங்கைக்குக் கீழ முன்கையில இருக்கு. அங்க இருந்து நாண் எண்ட கயிறு மாதிரி ஒண்டு ஓடிவந்துதான் விரலை இழுக்குது. அதால விரலை மட்டும் தேய்ச்சு சூடாக்கினா காணாது, முழங்கை வரைக்கும் சூடு ஏறவேணும். குளிர்ல நரம்பு தகவல் கொண்டு போற வேகமும் குறையும், வயசோட அது ஏற்கனவே கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும், ரெண்டும் சேந்தா கை மரக்கட்டைதான்.

நான் செய்யிறது, ஒரு பேசினில இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு ரெண்டு கையையும் முழங்கை மட்டும் அஞ்சு பத்து நிமிசம் வைக்கிறது, தண்ணிக்குள்ளயே விரலை மெதுவா மடக்கி விரிக்கிறது. சுகர் இருக்கிற ஆக்கள் கையால சூடு பார்க்காதீங்கோ, கை மரத்திருந்தா கொதிக்கிறது தெரியாது, முழங்கையால பாருங்கோ, இல்லாட்டி வீட்டில வேற ஆரையும் பார்க்கச் சொல்லுங்கோ. கன்னியா பக்கம் போற நாள்ல நான் வெந்நீர்க் கிணத்துத் தண்ணியைக் கையில நல்லா வார்த்துக்கொண்டு நிப்பன், ஏழு கிணத்திலயும் சூடு ஒவ்வொரு மாதிரி எண்டபடியா கைக்கு இதமானதைத் தேடிப் பிடிக்கலாம். நல்லெண்ணெய் தேய்க்கிறதெண்டா இரவில தேயுங்கோ, வாசிக்க முதல் வேண்டாம், எண்ணெய்க் கை தந்தியில வழுக்கும், தந்தியும் பழுதாப் போகும்.

தண்ணியால எடுத்த கையைத் துடைச்சிட்டு இதைச் செய்யுங்கோ. விரல் அஞ்சையும் நேரா நீட்டுறது, பிறகு நுனி ரெண்டு மூட்டையும் மட்டும் கொக்கி மாதிரி வளைக்கிறது, பிறகு முழுசாப் பொத்துறது, திரும்ப நீட்டுறது, பிறகு அடி மூட்டை மட்டும் மடிச்சு விரலை நேரா மேசை மாதிரி வைக்கிறது. ஒவ்வொண்டும் அஞ்சு தரம், அவசரம் இல்லாம. நாண் அதின்ர குழாய்க்குள்ள வழுக்கி ஓடிப் பழகத்தான் இது. கடையில விக்கிற அமுக்கிற பந்தை வாங்கி நாள் முழுக்க அமுக்கிற பழக்கத்தை நான் விரும்புறேல்ல, வயலின்காரருக்கு ஏற்கனவே பொத்துறது கூட, விரிக்கிறதுதான் குறைவு. ஒரு றப்பர் பாண்ட்டை அஞ்சு விரலையும் சுத்திப் போட்டு வெளிப்பக்கம் விரிச்சுப் பழகுங்கோ, அது நல்லம்.

இனி முக்கியமான கதை. எங்கட வயசில விரல் கெடுறதுக்கு அரைவாசிக் காரணம் தேவைக்கு மேல அழுத்துறது எண்டு நான் நம்புறன். பெடியனா இருக்கேக்க எவ்வளவு அழுத்தினாலும் விரல் தாங்கும், இப்ப தாங்காது. எவ்வளவு அழுத்தம் காணும் எண்டு கண்டுபிடிக்கிற வழி லேசு. தந்தியில விரலைச் சும்மா தொட்டு வைச்சுக்கொண்டு வில்லை நீளமா இழுங்கோ, விசில் மாதிரியோ கரகரப்பாயோ சத்தம் வரும், இழுக்க இழுக்க விரலைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்கோ, சத்தம் தெளியுற அந்த இடத்தில நிப்பாட்டுங்கோ. அவ்வளவுதான் தேவை. நான் அதைச் செய்து பார்த்தண்டைக்கு நாப்பது வருசமா அதின்ர ரெண்டு மடங்கு அழுத்தியிருக்கிறன் எண்டு விளங்கி மனம் கலங்கிப்போச்சு.

பெருவிரலையும் பாருங்கோ. நாங்கள் சம்மாணம் போட்டு இருந்து வயலின் தலையைக் காலில தாங்க வைக்கிறம், அதால வயலினைப் பிடிச்சிருக்கிற வேலை இடக்கைக்கு இல்ல, பிறகேன் பெருவிரல் இறுக்கவேணும்? ஒரு சுர வரிசை வாசிக்கேக்க நடுவில பெருவிரலை எடுத்துப் பாருங்கோ, எடுக்க ஏலாட்டி நீங்கள் கிள்ளிப் பிடிக்கிறீங்கள்.

சாதகத்தை, அதாவது வாசிச்சுப் பழகிற நேரத்தை, பிரியுங்கோ. ஒரே இருப்பில ஒரு மணித்தியாலம் வேண்டாம், பதினஞ்சு நிமிசம் வாசிச்சிட்டு எழும்புங்கோ, விடிய, மத்தியானம், பின்னேரம் எண்டு மூண்டு தரம். முதல் பத்து நிமிசம் நீள வில்லு, தொடக்கப் பாடமான சரளி வரிசை முதல் காலத்தில, அதாவது மெதுவான வேகத்தில மட்டும். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் ரெட்டையா வாசிக்கிற ஜண்டை வரிசை, அதில ரெண்டாவது சுரத்துக்கு விரல் தட்டுறது கனமா இல்லாம துள்ளலா இருக்கவேணும். தோடி ராகத்தின்ர காந்தார சுரம் மாதிரி பெரிய அசைவு எல்லாம் கை நல்லாச் சூடானாப் பிறகு. மூண்டாம் காலம் வராத நாள்ல ரெண்டாம் காலத்தோட விடுங்கோ, நாலு சுரம் நாலு சுரமா வெட்டி கெதியாப் பழகி பிறகு ஒட்டுறது எனக்குச் சரிவந்தது.

வீட்டுச் சாதகத்துக்கு சுருதியை ஒரு கட்டை இறக்கி வைங்கோ, தந்தி இழுவை குறைஞ்சா விரலுக்கு சுகம். தந்தியைத் தாங்கிற மரத்துண்டு, குதிரை எண்டுறது, உயரமா இருந்தா தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து சீவுங்கோ, நீங்களே சீவாதீங்கோ. விரல் வைக்கிற முறையையும் மாத்துங்கோ. மோதிர விரலும் சின்ன விரலும் பின்னங்கையில நாணால பிணைஞ்சு கிடக்கு, தனியத் தூக்கிறது எப்பவும் கஷ்டம், அதுகளுக்குப் போன வேலையைச் சுட்டுவிரலாலயும் நடுவிரலாலயும் வழுக்கி எடுக்கலாம், எங்கட சங்கீதத்துக்கு வழுக்கல் வடிவும் கூட. 1928ல பிறந்த கர்நாடக வயலின் மேதை டி. என். கிருஷ்ணன் எண்பது தாண்டியும் மேடையில வாசிச்சவர். பழைய பதிவுகளைத் தேடிக் கேளுங்கோ, நீள வில்லு, ஒரு பதட்டம் இல்ல.

வாசிப்புக்கு வெளியிலயும் விரல் தேயுது. சந்தையில மீன் பையின்ர பிளாஸ்டிக் காதை ரெண்டு விரல்ல கொழுவித் தூக்காதீங்கோ, தோள் பை கொண்டு போங்கோ. தேங்காய் திருவுறதும் போத்தல் மூடி திருகுறதும் கச்சேரி நாள்ல வேற ஆரும் செய்யட்டும். நெட்டி முறிக்கிறதையும் விடுங்கோ.

டொக்டரிட்டப் போகவேண்டியதுக்குப் போங்கோ, எண்ணெய் தேய்ச்சுக்கொண்டு இருக்காதீங்கோ. விடிய எழும்பினா ரெண்டு கை மூட்டும் வீங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல விறைப்பு விடாட்டி அது வாத மூட்டு வருத்தமா இருக்கலாம், அதுக்குக் கெதியா மருந்து தொடங்கவேணும். இரவில பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைச்சா மணிக்கட்டில நரம்பு நெரிபடுது. விரல் மாட்டுப்பட்டு டக்கெண்டு விடுறது சுகர்காரருக்குக் கூட வரும், எனக்கும் அதுதான், ஒரு ஊசியோட விட்டுது, விடாட்டி சின்ன ஒப்பரேஷன் இருக்கு. இன்னொரு சோதினை, கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் சேருங்கோ, உள்ளங்கையும் விரலும் முட்டாம இடைவெளி தெரிஞ்சா சுகரைப் பாருங்கோ.

திருவிழா இரவு முழுக்க வாசிச்சா அடுத்த நாள் வில்லைத் தொடாதீங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணி, கொக்கி மடிப்பு, அவ்வளவும் காணும், அதுக்கு அடுத்த நாள் விடிய சரளி வரிசையில இருந்து தொடங்குங்கோ.