நெடுத்த நாற்று நல்ல நாற்று அல்ல

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடை போடுகிறவர்களில் பலர், நாற்று சட்டென்று உயர்ந்தால் மகிழ்ந்துபோகிறார்கள். வெளிறிய தண்டு, இலைகளுக்கிடையே நீண்ட இடைவெளி, காற்றில் துவளும் தலை ஆகியவை செழிப்பின் அடையாளங்கள் அல்ல. வெளிச்சம் போதாமல் நாற்று தவிக்கிறது என்றுதான் அவற்றுக்குப் பொருள். மண்ணுக்குள் இருக்கும் முளை, விதையிலுள்ள உணவை இலை விரிக்கச் செலவிடுவதில்லை. வெளிச்சத்தை எட்டும்வரை தண்டை நீட்டவே செலவிடுகிறது. மேலே வந்த பிறகும் நிழல் தொடர்ந்தால் இந்த நீட்சியும் தொடரும்.

வைக்கோலும் கிடுகும் நாற்றுக்குப் பாதுகாப்பு என்று எண்ணி அப்படியே விட்டுவைப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வைக்கோல், விதை முளைக்கும்வரை ஈரம் காப்பதற்கு மட்டுமே. முளைகள் தலைகாட்டத் தொடங்கியதும் ஒரு மாலை வேளையில் அதை மெதுவாக எடுத்துவிட வேண்டும். கிடுகுப் பந்தலை உச்சி வெயிலுக்கு மட்டும் வைத்து, காலையிலும் மாலையிலும் விலக்கி, சில நாட்களில் முற்றாக நீக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் இளம் இலை கருகிவிடும்.

இதைவிட மோசமானது, வெளிறிய நாற்றைப் பார்த்து யூரியா தூவுவது. வெளிச்சம் இல்லாத இடத்தில் நைதரசன் தண்டை இன்னும் மெலிய வைக்கும், நாற்றழுகலுக்கும் வழி திறந்துவிடும். ஒருமுறை நீண்ட தண்டு மறுபடி குறுகாது. தக்காளி என்றால், தண்டிலிருந்தே வேர் விடும் என்பதால் சற்று ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம்.

விறாந்தையில் வைத்த சாடியின் நாற்று முற்றத்துப் பக்கம் சாய்வதைக் கண்டதும் தடி ஊன்றிக் கட்டுகிறார்கள். சூரியன் செடியை இழுக்கிறது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உண்மையில் வளைவை உண்டாக்குவது நிழல் பக்கம். நுனி, ஒளியிலுள்ள நீல நிறத்தைக் கொண்டு திசையை அறிகிறது. ஓட்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தம் நிழல் பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அங்குள்ள கலங்கள் அதிகம் நீள, தண்டு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றுகளின் நுனியை மூடிப் பார்த்தபோது அவை ஒளியை நோக்கி வளையவில்லை. 1880இல் இதை வெளியிட்டார்கள். ஆகவே தடி இதற்கு மருந்தல்ல. சாடியைத் தினமும் திருப்பி வைத்தால் தண்டு நேராகும், ஆனால் மெலிவு போகாது. முற்றத்துக்கே கொண்டுபோய் வையுங்கள்.

விதையை எந்தப் பக்கம் வைப்பது என்ற கவலையும் தேவையற்றது. வேரின் நுனியைப் போர்த்திருக்கும் வேர்மூடியிலுள்ள கலங்களில் பாரமான மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அந்தப் பக்கத்தையே வேர் கீழ் என்று அறிகிறது. 1806இல் தோமஸ் நைற் என்ற ஆங்கிலேயர், நீரோட்டத்தால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சியின் விசையைக்கூடப் புவியீர்ப்பைப் போல் உணரும் முளைக்குத் திசை காட்ட நம் விரல் தேவையில்லை. முளைத்ததா என்று தோண்டிப் பார்த்து, விதையைப் புரட்டி வைக்கிறவர்கள்தான் கெடுதல் செய்கிறார்கள். ஒவ்வொரு புரட்டலுக்கும் முளை மீண்டும் வளைய வேண்டும், விதைக்குள் இருக்கும் உணவோ அளவானது. மிக ஆழமாக ஊன்றிய சிறு விதை மேலே வராமலே போவதும் அந்த உணவு தீர்ந்துபோவதால்தான். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

முளை தானே திசை அறிந்து இறங்குவதைப் பனம்பாத்தியில் தெளிவாகக் காணலாம். பனங்கொட்டையின் முளை நேரே மண்ணுக்குள் இறங்குகிறது, கருவையும் தன்னுடன் கீழே கொண்டுபோகிறது. கொட்டைக்குள் திரளும் பூரான் என்ற பஞ்சு போன்ற சதை அங்குள்ள உணவை உறிஞ்சிக் கீழே அனுப்ப, அங்கே கிழங்கு உருவாகிறது. குருத்து பிறகுதான் மேலே வருகிறது. பாத்தியை உயர்த்திப் போடும் வழக்கம் இதனால்தான் வந்தது. கடினத்தரையில் கொட்டையைப் பரப்பி, மேலே மட்டும் மண் தூவினாலும் முளைக்கும். ஆனால் இறங்க இடமில்லாத கிழங்கு கட்டையாகவும் கோணலாகவும் வரும்.

மாரி மழையில் சாய்ந்த நாற்றை உடனே நிமிர்த்தி மண் அணைக்காதீர்கள். வேர் பிடுங்கப்படாதிருந்தால் நுனி தானாகவே மேல்நோக்கித் திரும்பும். இழுத்து நிமிர்த்தும்போது இளவேர் அறுந்துவிடுகிறது.

நடும்போது செய்யும் தவறு நெடுங்காலம் நிலைக்கும். சிறு குழியில் நாற்றைத் திணிக்கும்போது வேர் மடிந்து, நுனி மேல்நோக்கி நிற்கும். நுனி மறுபடி கீழே திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் வளையக்கூடியது நுனியை அடுத்து வளர்ந்துகொண்டிருக்கும் சிறு பகுதி மட்டுமே. வளர்ந்து முடிந்த பகுதியின் மடிப்பு அப்படியே இருந்து தடித்துவிடும். பொலித்தீன் பையில் வேர் சுற்றிக்கொண்ட மா, பலாக் கன்றுகளில் இதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து, காற்றில் மரம் சாயும்போது தெரியும். குழியை ஆழமாக எடுங்கள், வேரை நேராகத் தொங்கவிட்டு மண் போடுங்கள். அதற்கும் நீளமான வேரென்றால் மடிப்பதைவிட நுனியைக் கூரிய கத்தியால் நறுக்கிவிடுவது நல்லது. வெட்டிய இடத்துக்கு மேலிருந்து புதிய வேர்கள் கிளைத்து இறங்கும்.