குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை

குழந்தைக்குப் பேதி என்றதும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலம் வாங்கிவிடுகிறோம். கலக்குவதில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய பொட்டலத்தில் ஏறக்குறைய 20.5 கிராம் தூள் இருக்கும். அது முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதியை ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லியில், கொட்டிக் கலக்கினால் இரண்டரை மடங்கு கெட்டியாகிவிடும். குடலில் சர்க்கரை உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உடம்புக்குள் இழுத்துக்கொண்டு போகும்; அதனால்தான் இந்தக் கரைசல் வேலை செய்கிறது. கெட்டியானாலோ, ருசிக்காகக் கூடுதல் சர்க்கரை போட்டாலோ, உடம்பில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் இறங்கிப் பேதி அதிகமாகும். உப்பும் ரத்தத்தில் ஏறும். 200 மில்லிக்கென்றே சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. எது கையில் இருந்தாலும் மேலே அச்சடித்த அளவைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

அளவுப் பாத்திரம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். பொட்டலத்தின் மூலையில் தூள் தங்கும். தட்டி முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். கலக்கிய பிறகு சூடு பண்ணக் கூடாது. மூடி வையுங்கள். 24 மணி நேரம் ஆனால், மீதி எவ்வளவு இருந்தாலும் கீழே ஊற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மடமடவென்று குடிக்க விட்டால் வாந்தி வரும். வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். வாந்தி எடுக்கிறதே என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

நள்ளிரவில் பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் கத்தி முதுகால் வழித்துத் தட்டையாக அளக்க வேண்டும். கண்ணீரை விடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இது விடியும்வரை சமாளிக்கத்தான். கூல்டிரிங்க்ஸ், குளுக்கோஸ் தண்ணீர், அட்டைப்பெட்டி பழச்சாறு எதுவும் ஈடாகாது.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் வயதுக் குழந்தைக்குக் குழைந்த சாதம், இட்லி, மோர், கஞ்சி கொடுக்கலாம். பட்டினி போட்டால் பேதி நிற்காது, குழந்தைதான் துவளும். ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள்: 2 முதல் 6 மாதம் வரை தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. ஸ்பூனில் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றதும் பாதியில் விடாதீர்கள். பெரியவர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மெதுவாகப் படிந்தால் தண்ணீர் வற்றுகிறது. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். விழித்திருந்து விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகும் வழியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள்.