மூடவே முடியாத எபிக்குகளை மூடியது எப்படி

இலங்கையின் ஹட்டனில் இருந்துகொண்டு, தேயிலைத் தோட்டங்களுக்கான கொழுந்து நிறுவை, சம்பளக் கணக்குச் செயலியில் வேலை செய்கிறேன். நான் சேரும்போது, குழுவின் வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா மென்பொருளில் ‘மொபைல்’, ‘சர்வர்’ என்று இரண்டே எபிக் (பல டாஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் பெரிய வேலை). எல்லா டாஸ்க்கும் அவற்றுக்குள். மொபைல் வேலை என்றைக்கு முடியும்?

இரண்டையும் கலைத்துவிட்டு, தோட்டத்து வேலையை மேற்பார்த்துக் கணக்கு வைக்கும் கணக்கப்பிள்ளைக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பதை வைத்து எபிக் போட்டோம். ‘சிக்னல் இல்லாத மலையிலும் நிறுவையைப் பதியலாம்’ ஒன்று. ‘அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) சரியாக விழும்’ இன்னொன்று. அடுத்தது ஊழியர் சேமலாப நிதி: சம்பளத்தில் 8% கழிவு, நிர்வாகத்தின் பங்கு 12%, மாதாந்த அறிக்கை. அறிக்கை சரியாக வந்தால் எபிக்கை மூடிவிடலாம். எப்போது மூடலாம் என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதினோம். அப்படி எழுத வராதது எபிக்கே இல்லை என்பது என் கட்சி.

ஒரு சிக்கல். ஜிராவில் ஒரு டாஸ்க் ஒரே ஒரு எபிக்கின் கீழ்தான் இருக்க முடியும். தரவு ஒத்திசைவு வேலையோ இரண்டு எபிக்குகளுக்குப் பொது. அது முதலில் தேவைப்படும் எபிக்கில் வைத்து, மற்றதற்கு லேபிள் ஒட்டினோம். அப்புறம், உள்ளே எல்லாம் முடிந்தாலும் எபிக் தானாக மூடிக்கொள்ளாது. அதற்கு ஒரு ஆட்டோமேஷன் விதி வைத்தால் சரி.